மிளகு காயவில்லை என்று வந்த புகார்

இருபத்தொன்பது வயதில் ரிட்டயர்மென்ட் வாங்கியவள் என்று கடையில் என்னைக் கேலி செய்கிறார்கள். ஒருவகையில் உண்மைதான். சேந்தமங்கலத்தில் ஏசி, கீசர், பிரிட்ஜ் பழுதுபார்க்கும் கடையில் இத்தனை வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டுப் போன மாதம் டூல்ஸ் பையை ஒப்படைத்தேன். தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிர்சாதனப் பிரிவுக்குப் பயிற்றுநராகத் தேர்வாகியிருக்கிறேன். இனி வீடு வீடாக ஏணி தூக்கிப்போகும் வேலை இல்லை. பாடம் சொல்லும் வேலை.

பையை வாங்கிக்கொண்ட தினேஷ் கேட்டான். "ஏக்கா, இப்ப வர்ற ஏசியெல்லாம் எங்கே கோளாறுன்னு அதுவே போனுக்கு மெசேஜ் அனுப்புது. மெஷின் வாயே தொறக்காத காலத்துல, கெட்டுப்போறதுக்கு முன்னாடியே உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன்களும் அதையே எழுதித் தரச் சொன்னார்கள். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு ஊர் கொல்லிமலை. ஆலத்தூர் நாடு; சில ஊர்கள் சேர்ந்ததை எங்கள் மலையில் நாடு என்போம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி உள்ளே போன முதல் ஆள் நான். பத்தாவது முடித்ததும் தொழிற்பயிற்சியில் ஏசி பிரிவு கிடைத்தது. வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். அதைப் பற்றி நிறையச் சொல்லலாம். சொல்லுமளவுக்கு இப்போது கோபம் மிச்சமில்லை. செப்புக் குழாயை நசுங்காமல் வளைப்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். என் அப்பாவுக்கு இந்தப் படிப்பே பெரிய வேடிக்கை. செம்மேட்டுச் சந்தையில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லுவார்: "மார்கழியில கம்பளிக்குள்ள சுருண்டு கெடந்த புள்ளைங்க. இப்பப் பாருங்க, கீழ்நாட்டுக்காரனுக்குக் குளுரு விக்கப் போயிருக்குறா!"

கடையில் எனக்கு மேலதிகாரி மேகலா மேடம். கணக்குப் பார்க்க வந்தவர், சர்வீஸ் மேனேஜர் ஆனார். ஸ்பேனரைக் கையில் பிடித்தவர் இல்லை. பிடிக்கவும் மாட்டார், நகம் உடையும் என்பார். ஆனால் புகார் கேட்பதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. போன் செய்பவர் என்ன வார்த்தையில் சொன்னாரோ, அதே வார்த்தையில்தான் மெக்கானிக்கிடம் சொல்லுவார். நாங்களும் திரும்பி வந்து அதே வார்த்தையில் ஆரம்பிக்க வேண்டும். "கேஸ் கம்மிங்க மேடம்" என்று ஆரம்பித்தால் கையைக் காட்டி நிறுத்திவிடுவார்.

"அது நீ சொல்றது சாமி. ஊட்டுக்காரங்க என்ன சொன்னாங்க?"

"பேன் காத்து மாதிரி வருதுன்னாங்க."

"ம். எப்பயிருந்து?"

"அது கேக்கலீங்க."

"அப்பப் பாதிதான் பார்த்துட்டு வந்துருக்குறே."

இப்படியே பழகியதில், வீட்டுக்காரர்கள் பேச்சுவாக்கில் சொல்வதில்தான் முதல் அறிகுறி இருக்கிறது என்பது எனக்குப் பிடிபட்டது. அவர்களுக்கு அது கோளாறாகவே தோன்றியிருக்காது. "முன்னெல்லாம் இருபத்தாறுல வெச்சாப் போர்வை கேக்கும். இப்ப இருபத்திரண்டுல வெக்கிறோம்" என்பார்கள். அந்த வீட்டு மெஷின் பலவீனமாகிக்கொண்டிருக்கிறது. "ராத்திரியெல்லாம் ஓடிட்டே இருக்குதுங்க, நிக்கிறதே இல்லை, நல்லா உழைக்குது" என்று பெருமையாகச் சொல்லுவார்கள். அறை குளிர்ந்ததும் கொஞ்சம் ஓய வேண்டிய மெஷின் ஓயாமல் ஓடுகிறதென்றால் அதற்கு மூச்சு வாங்குகிறது. ஏசி போட்டதும் ஈரத் துணி மக்கிய வாடை வந்தால் உள்ளே அழுக்கு படிந்திருக்கிறது. கீசரில் தண்ணீர் காய்வதற்குள் கஞ்சி கொதிப்பதுபோல் சத்தம் வந்தால் கம்பியில் உப்பு ஏறியிருக்கிறது. குழாயைத் தொட்டால் விரல் கூசுகிறது என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். அதற்கு மட்டும் நான் சிரிக்க மாட்டேன். மெயினை அணைக்கச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.

மலைமேல் சுற்றுலா விடுதிகளில் வேறு மாதிரி. வோல்டேஜ் இறங்கினால் ஸ்டெபிலைசர் 'டக் டக்' என்று தலையில் அடித்துக்கொள்ளும். தண்ணீர் வெளியேறும் குழாயின் முனையில் குளவி மண்ணை அடைத்துவிடும். தண்ணீர் போக வழியில்லாமல் கட்டில்மேல் சொட்டும். இவற்றையெல்லாம் நான் உள்ளூர்க்காரி என்பதால் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். மலைக்குப் போகும் வேலையெல்லாம் எனக்கே வந்தது. ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்காமல் ஏறும் ஒரே மெக்கானிக் நான்தான் என்பதும் ஒரு காரணம்.

இனி அந்தப் புகாரைச் சொல்கிறேன்.

அது பங்குனி மாதம். மேடம் போனை இன்னும் வைக்காமலே எங்களைப் பார்த்தார். "குண்டூர் நாட்டுலருந்து ஒரு அம்மா. ஏசி வெச்சிருக்காங்க. மிளகு காய மாட்டேங்குதாம்."

தினேஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மிளகு காயலைன்னா வேளாண்மை ஆபீசுக்குப் போடச் சொல்லுங்க மேடம். நாளைக்கு மாடு பால் கறக்கலைன்னு ஒருத்தர் பிரிட்ஜ் கடைக்குப் போடுவாரு."

மேடம் சிரிக்கவில்லை. "ஏசி நல்லா ஓடுது, ரூமு குளுரா இருக்குதுன்னும் சொன்னாங்க. ஆனா மிளகு காயலைன்னு நமக்குப் போன் பண்ணிருக்காங்க. வேற யாருக்கும் பண்ணலை. நீ போயிட்டு வா கண்ணு."

கொல்லிமலையில் விடுதி அல்லாத ஒரு வீட்டுக்கு எதற்கு ஏசி என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் புரிந்தது. தாழ்வான சரிவில் கான்கிரீட் வீடு; சித்திரை மதியத்தில் கூரை அடுப்புக்கல்லாகக் காயும். உள்ளே ஒரே அறைதான் பெரியது. அதில் சன்னலைப் பார்த்த மாதிரி ஒரு கட்டில். கட்டிலில் பொன்னுசாமி அண்ணன்.

அவர் மிளகு பறிப்பவர். எங்கள் மலையில் மிளகுக்கொடியைச் சவுக்குமர உயரத்துக்கு ஏற்றியிருப்பார்கள். மூங்கில் ஏணியைச் சாய்த்து ஏறித்தான் பறிக்க வேண்டும். அப்படிப் பறிக்கும்போது ஏணி நழுவி விழுந்துவிட்டார். கழுத்துக்குக் கீழே அசைவில்லை. பேச்சு இருந்தது, நிறையவே இருந்தது. இப்படிக் கழுத்தில் அடிபட்டவர்களுக்கு உடம்பு வியர்க்காதாம். வெளிச் சூடு ஏறினால் உள்ளேயும் ஏறிக்கொண்டே போகும், அது உயிருக்கே ஆபத்து என்று சேலத்தில் டாக்டர் சொல்லி அனுப்பியிருக்கிறார். அதற்காகவே அந்த ஏசி. அவர் மனைவி பழனியம்மா அக்கா, இருந்த மாடுகளை விற்று வாங்கி மாட்டியது.

"யாரு ஊட்டுப் புள்ள கண்ணு?" என்றார் அண்ணன், என் பையைப் பார்த்துக்கொண்டே.

"ஆலத்தூர் நாடுங்கண்ணா."

"அட, நம்ம புள்ள! ஏ பழனி, காப்பி வையி. இவளாவது சொல்லட்டும் உனக்கு. ஏசிக்காரங்களுக்குப் போனைப் போட்டு மிளகு காயலைங்குறாளே, ஊரே சிரிக்காது?"

"சிரிக்கட்டும்" என்றார் அக்கா. "வா கண்ணு, காட்டுறேன்."

வீட்டின் பின்பக்கம், சுவரில் ஏசியின் வெளி யூனிட். பெரிய பேன் சுழன்று, அறைக்குள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே தள்ளும் பெட்டி அது. அதற்கு எதிரே இரண்டு கற்கள்மேல் ஒரு முறத்தில் மிளகு. எனக்குச் சிரிப்பு வந்தது, சமாளித்துக்கொண்டேன். பங்குனியில் எங்கள் மலையில் மதியம் வெயில் அடித்தாலும் சாயந்திரம் மழை வந்து, காயப்போட்டதையெல்லாம் பூசணம் பிடிக்க வைத்துவிடும். சும்மா போகிற சூட்டுக் காற்றை வீணாக்குவானேன் என்று அக்கா முறத்தை அங்கே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

"போன வருசம் இங்க வெச்சா மூணாம் நாளே முறத்தை ஆட்டும்போது கலகலன்னு சத்தம் கேக்கும் கண்ணு. இந்த வருசம் ஆட்டிப் பாரு. மெத்து மெத்துன்னு கெடக்குது. மிளகு அதே கொடி மிளகுதான். முறமும் அதேதான். அப்ப இந்தப் பொட்டிதானே மாறியிருக்கணும்?"

பேன் முன்னால் கையை நீட்டினேன். வெதுவெதுப்பு. அவ்வளவுதான். முகத்தில் அறைய வேண்டிய அனல் இல்லை. அறைக்குள் குளிர்ந்தது உண்மைதான். பங்குனியில் மலைக்காற்றே பாதி வேலையைச் செய்துவிடும். சித்திரை வந்து கூரை காயும்போது இந்த மெஷினால் முடியாது. அது முடியாமல் போகும் மதியத்தில் கட்டிலில் இருப்பவர் கதி என்ன என்று நினைத்ததும் என் சிரிப்பு போய்விட்டது.

சிறிய குழாயின் மேல் மெல்லிய பனி படிந்திருந்தது. கேஸ் கசிகிறது. எங்கே என்று தேடுவதற்காகக் குழாயைத் தொடர்ந்து மேலே பார்த்தேன். அங்கே குழாய் தெரியவில்லை. இலைதான் தெரிந்தது.

மிளகுக்கொடி. ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டும் இடத்தில் நட்டு, செப்புக் குழாய்மேலேயே ஏற்றிவிட்டிருந்தார்கள். கணுவுக்குக் கணு நார்க்கட்டு. கொடி கொழுகொழுவென்று சுவரைத் தாண்டிச் சன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

"இது யாருங்க்கா வெச்சது?"

"அவுருதான். கை என்னுது, உத்தரவு அவுருது" என்று அக்கா சன்னலை நோக்கித் தாடையைக் காட்டினார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "கீழ தண்ணி எப்பவும் சொட்டுது. மேல ஏறக் குழாய் நிக்குது. கொடி வெக்க வேற என்ன வேணும்?"

எங்கள் மலையில் யாரும் வேறு மாதிரி நினைத்திருக்க மாட்டார்கள். நெட்டுக்குத்தாக எது நின்றாலும் அதன்மேல் மிளகு ஏற்றுவதுதான் எங்கள் புத்தி. ஆனால் ஆடிக் காற்றில் அந்தக் கொடி ஆடும்போதெல்லாம் குழாயும் ஆடியிருக்கிறது. குழாய் ஆடி ஆடி, பெட்டியில் சேரும் இடத்தில் நட்டு தளர்ந்திருக்கிறது. சோப்பு நுரையைத் தடவினேன். சின்னச் சின்னக் குமிழி வந்தது. சுற்றிலும் எண்ணெய்க் கறை.

உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன். குழாயைக் கழற்றி, முனையை வெட்டிப் புதிதாக விரித்து முடுக்க வேண்டும். கொடி இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. செய்தாலும் அடுத்த ஆடியில் இதே கதைதான்.

அண்ணன் யோசிக்கவே இல்லை. "அப்ப ஏசியைக் கழட்டிக்க கண்ணு. கொடி இருக்கட்டும்."

"கேட்டியா பேச்சை!" அக்கா கரண்டியோடு உள்ளே வந்தார். "கொடி மேல இருக்குற உசுரு இவுருக்குத் தன் மேல இல்லையே! விடிஞ்சா 'புது இலை விட்டுருக்கா', சாஞ்சா 'கட்டு இறுக்கமா இருக்கா'. நான் சோறு தின்னேனான்னு ஒரு நாள் கேட்டுருப்பாரா?"

"நீ தின்னுருப்பேன்னு பார்த்தாலே தெரியுதே."

"போன சித்திரையில ஒரு நாள் கரண்டு போயி, இவுருக்குக் கண்ணு செருகி, நான் பட்டது எனக்குத்தான் தெரியும். வெட்டிப் போடு கண்ணு அதை. நான் சொல்றேன்."

அண்ணன் சிரிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "தோட்டம் தம்பிகிட்டப் போயிருச்சு. நான் வெச்சது, நான் பார்க்கறதுன்னு இருக்குறது அது ஒண்ணுதான் கண்ணு" என்றார்.

பயிற்சி நிலையத்தில் இதற்குப் பாடம் இல்லை. ஆனால் மிளகுத் தோட்டத்தில் வளர்ந்தவளுக்குக் கொடியை இறக்கிக் கட்டத் தெரியும். பட்டுப்போன மரத்திலிருந்து கொடியை உரித்தெடுத்து வேறு மரத்துக்கு மாற்றுவதை எங்கள் தோட்டத்தில் எத்தனையோ முறை செய்திருக்கிறேன். "வெட்ட வேண்டாம், கழட்டவும் வேண்டாம். கல்யாண முருங்கைப் போத்து ஒண்ணு கெடைக்குமாங்க்கா?" என்று கேட்டேன்.

மறுநாள் காலை கடை வண்டியில் கேஸ் சிலிண்டரும் வாக்குவம் பம்பும் ஏற்றிக்கொண்டு போனேன். அக்கா கல்யாண முருங்கைப் போத்தை, நட்டால் வேர்விடும் அந்தக் கிளையை, சுவரிலிருந்து தள்ளி, ஆனால் சன்னலுக்கு நேராக நட்டு வைத்திருந்தார். கொடியை இறக்கும் வேலையை அண்ணன் கட்டிலிலிருந்தே நடத்தினார்.

"இழுக்காத! வேரு குழாயைச் சுத்துன பஞ்சுல புடிச்சிருக்கும். தண்ணி தெளிச்சு ஊற விடு."

"தெரியுங்கண்ணா."

"தெரிஞ்சாச் சரி. கீழக் கணுவுலருந்து வா. மேலருந்து வராத."

"கீழருந்துதானுங்க வாரேன்."

"பழனி, நீ எட்டி நில்லு, நெழல் அடிக்குது."

ஓர் இலைகூட முறியாமல் கொடி போத்துக்கு மாறியது. இருந்த கேஸைப் பெட்டிக்குள் அடைத்துவிட்டுக் குழாய் முனையை வெட்டி, விரித்து, முடுக்கினேன். கசிவு இருக்கிறதா என்று நைட்ரஜன் அடைத்து நுரை தடவிப் பார்த்தேன், குமிழி இல்லை. இனி பம்பைப் போட்டுக் குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சியெடுக்க வேண்டும். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். பம்ப் சுவிட்சைப் போட்டதும் கரண்டு போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் என்று உட்கார்ந்தோம். வரவில்லை. ஏசி இல்லாததால் பங்குனி வெயிலுக்கே கூரை காயத் தொடங்கியது. அண்ணன் பேச்சைக் குறைத்தார். நெற்றி சிவந்தது, ஒரு பொட்டு வியர்வை இல்லை. பம்ப் போடாமல் அப்படியே கேஸை விட்டால், கரண்டு வந்த நிமிடத்தில் மெஷினை ஓட்டிவிடலாம். அவசரத்துக்கு அப்படிச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். ஈரம் உள்ளே தங்கினால் மெஷின் அந்தச் சித்திரையைத் தாண்டாது.

மேடத்துக்குப் போன் செய்தேன். அவர் மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அவரு மூஞ்சி எப்படி இருக்குது? தண்ணி குடிச்சாரா?"

சொன்னேன்.

"போனை அந்தம்மாகிட்டக் குடுத்துட்டு நீ உன் வேலையைப் பாரு சாமி. எப்பவும் எப்படிச் செய்வியோ அப்படியே செய்யி. ஆளைப் பார்த்துக்க நாங்க ரெண்டு பேரு இருக்கோம்."

அக்கா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு என்னென்ன சொல்லித்தந்தார்கள் என்று மேடம் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அக்கா செய்தார். கழுத்தில், அக்குளில், தொடையிடுக்கில் ஈரத் துணி. சட்டையைக் கழற்றி விசிறல். வாய் நனைய நனையத் தண்ணீர். இன்னும் சூடு ஏறினால் நம் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட வேண்டும் என்று மேடம் சொன்னது எனக்கும் கேட்டது. வண்டிக் கதவைத் திறந்து வைத்தேன்.

கரண்டு வந்தது. பம்ப் ஓடியது. அது ஓட வேண்டிய நேரம் முழுவதும் நான் மீட்டர் முள்ளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முள் இறங்கி, இறங்கிய இடத்தில் அசையாமல் நின்றதும் எடை பார்த்துக் கேஸை ஏற்றி, மெஷினைப் போட்டேன்.

அறைக்குள் காற்று இறங்கியது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அவர் முகச் சிவப்பு மெல்ல வடிவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அக்காவைத் தேடினேன். அறையில் இல்லை.

பின்பக்கத்திலிருந்து சத்தம் வந்தது. "கண்ணு, ஓடி வா! அனல் வருது! பொட்டிக்கு உசுரு வந்துருச்சு!"

முறத்தோடு நின்றுகொண்டிருந்தார். தலைமுடி எல்லாம் பறக்கிறது. கண்ணில் நீர் வழிகிறது. சூட்டினாலா வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை. முறத்தைப் பேனுக்கு நேரே ஒட்டி வைத்தால் காற்றை மறித்து மெஷினுக்கு மூச்சு முட்டும் என்று சொல்லி, தள்ளிப் பக்கவாட்டில் ஒரு கல்லை நானே போட்டுக் கொடுத்தேன். "இங்கயே காயப் போடுங்க்கா. காயறது கொறைஞ்சா உடனே எங்களுக்குப் போன் போடுங்க."

"அந்தப் பையன் சிரிச்சான் கண்ணு, போன்ல கேட்டுச்சு."

"இனிச் சிரிக்க மாட்டானுங்க."

தினேஷ், இதைப் படித்துவிட்டு நீ சிரிக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு சித்திரையிலும் கடைக்கு ஒரு போன் வந்ததும், முதலில் பாய்ந்து எடுத்தவன் நீதான். "காயுதுங்களா அக்கா?" என்பாய். "கலகலன்னு காயுது சாமி, சும்மா சொல்லலாம்னு போட்டேன்" என்று அங்கிருந்து பதில் வரும். ஒரு கோளாறும் இல்லை என்று சொல்வதற்காக எங்கள் கடைக்குப் போன் செய்கிற ஒரே வீடு அது.

வேலையை விடுவதற்கு முன் கடைசியாக ஒரு சர்வீசுக்குப் போய்வரலாம் என்று மேடத்திடம் கேட்டபோது, எந்த வீடு என்று அவர் கேட்கவே இல்லை.

முருங்கைப் போத்து துளிர்த்து மரமாகியிருந்தது. உச்சியைச் சன்னல் மட்டத்துக்கு வெட்டிவிடச் சொல்லியிருக்கிறார் அண்ணன். மேலே போக வழியில்லாத கொடி சுற்றிச் சுற்றி அடர்ந்து, சன்னல் கம்பிவரை கிளை நீட்டியிருந்தது. அதில் முதல்முறையாகச் சரம் பிடித்திருந்தது. பச்சை மணிகள். ஒன்றிரண்டு சிவந்திருந்தன; பறிக்கும் பருவம்.

ஏசியின் வடிகட்டியைக் கழுவி மாட்டினேன். பின்பக்கம் போய்க் கையை நீட்டிப் பார்த்தேன். முகத்தில் அறைந்தது அனல்.

உள்ளே வந்தபோது அக்கா கட்டிலைச் சன்னலோடு ஒட்டித் தள்ளியிருந்தார். அண்ணனின் முகத்துக்கு நேரே சரங்கள். அவர் தாடையால் ஒன்றைக் காட்டுவார். அக்கா சன்னல் கம்பிக்குள் கையை விட்டுக் கிள்ளுவார். "அது இல்ல, அதுக்குப் பக்கத்துல" என்பார். "பொறுய்யா" என்பார் அக்கா. ஒவ்வொன்றையும் அவர் மூக்கருகில் காட்டிவிட்டு முறத்தில் போட்டார்.

"பார்த்தியா கண்ணு" என்றார் அண்ணன். "இதுக்கு ஏணி வேணாம்."

முறத்தை நான் வாங்கிக்கொண்டுபோய் வெளி யூனிட்டின் பக்கத்தில், நான் போட்ட கல்லின்மேல் வைத்தேன்.